மொய் நோட்டுக்கு எந்தக் கட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சமூகத் தொழில்முனைவு பற்றியும், 'லாபமும் வேண்டும், ஊருக்கு நல்லதும் நடக்க வேண்டும்' என்று போடப்படும் தாக்க முதலீடு பற்றியும் உங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். முதலீட்டாளர் பேசியிருந்தார், பேராசிரியர் பேசியிருந்தார், நிறுவனம் நடத்துகிறவரும் பேசியிருந்தார். 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்று நாலைந்து இடத்தில் இருந்தது. அந்த மாதிரி ஆய்வுகளுக்குக் கதவு தட்டிக் கேள்வி கேட்கப் போகிற ஆள் நான். எங்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுப்பது எங்கள் வேலை என்பதாலோ என்னவோ!

பி.ஏ. பொருளாதாரம், தமிழ் வழியில் படித்தவள். சர்வே வேலைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. மாதச் சம்பளம் கிடையாது. படிவத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. காலை ஆறரை பஸ், ஒரு டேப், பவர் பேங்க், கழுத்தில் அடையாள அட்டை, குடை, பையில் ரெண்டு பிஸ்கட் பாக்கெட். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை என்று மூன்று மாவட்டத்தில் நான் மிதிக்காத ஊர் குறைவு. கடன் நிறுவனத்துக்காகப் போயிருக்கிறேன், சோலார் விளக்கு விற்பவர்களுக்காகப் போயிருக்கிறேன், பால் கொள்முதல் செய்பவர்களுக்காகவும், கழிப்பறைக்குக் கடன் கொடுப்பவர்களுக்காகவும் போயிருக்கிறேன். அத்தனை பேருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நாங்கள் போட்ட பணத்தால் இந்தக் குடும்பம் முன்னேறியதா?

படிவத்தின் தொடக்கத்தில் ஒப்புதல் வாசகம் இருக்கும். அதை நான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். "இதில் கலந்துகொள்வதால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்." இத்தனை வருடத்தில் பாதியில் நிறுத்தியவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். வெயிலில் வீடு தேடி வந்த பெண்ணை எழுந்து போ என்று எங்கள் பக்கத்தில் யார் சொல்வார்கள்? மோர் கொடுத்து, மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். கடைசியில் ஒரு கேள்வி அவர்களிடமிருந்து வரும். "இதெல்லாம் எழுதிட்டுப் போறீங்களே, அப்புறம் என்ன ஆவும்?"

இந்தக் கடிதம் அந்த 'அப்புறம்' பற்றித்தான்.

ஏழைகளுக்கு அடமானமில்லாமல் சின்னச் சின்னத் தொகையாகக் கொடுக்கும் நுண்கடன் என்கிற இந்தப் பெரிய கதை தொடங்கியதே ஒரு சின்ன சர்வேயில்தான். 1976இல் வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரான ஜோப்ராவில், பொருளாதாரப் பேராசிரியராக இருந்த முகமது யூனுஸ் மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். மூங்கில் வாங்க வியாபாரியிடம் ஐந்து டாக்கா (அந்த நாட்டு நாணயம்) கடன் வாங்குகிறாள், செய்த முக்காலியை அவன் சொன்ன விலைக்கு அவனிடமே கொடுக்கிறாள், நாளெல்லாம் உழைத்து மிச்சம் 50 பைசா. இப்படி ஊரில் எத்தனை பேர் என்று தன் மாணவி ஒருத்தியைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். 42 பேர். எல்லோருடைய கடனையும் கூட்டினால் 856 டாக்கா, அன்றைய கணக்கில் சுமார் 27 டாலர். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தன் பையிலிருந்து பணத்தை எடுத்து அந்த 42 பேருக்கும் கொடுத்தார். 1983இல் கிராமீன் வங்கி, 2006இல் நோபல் அமைதிப் பரிசு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அந்த மாணவிதான் கண்ணில் நிற்கிறாள். எடுத்த பட்டியல் எதற்கு ஆயிற்று என்று தன் கண்ணாலேயே பார்த்த சர்வேக்காரி அவள்.

அதற்கப்புறம் இதில் புழங்கும் பணம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. தாக்க முதலீட்டுக்கு 'இம்பாக்ட் இன்வெஸ்ட்டிங்' என்ற பெயரையே 2007இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஏரிக்கரை ஊரில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில்தான் வைத்தார்கள். இந்த முதலீட்டாளர்களின் உலகக் கூட்டமைப்பு 2024இல் போட்ட கணக்குப்படி, இப்படி நிர்வகிக்கப்படும் பணம் சுமார் 1.57 லட்சம் கோடி டாலர். இவ்வளவு பணம் போட்டவர்கள் நல்லது நடந்ததா என்று கேட்பது நியாயம்தானே. நடந்தது என்று யாராவது எண்ணிக் காட்ட வேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? நான் ஆறரை பஸ் பிடித்துப் போகிற ஊரிலிருந்து வருகிறது.

எப்படி வருகிறது என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

கஜா புயல் அடித்த (2018 நவம்பர் 16 அதிகாலை, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது) அடுத்த வருடம். கீரமங்கலம் பக்கம் ஒரு ஊர். அந்தப் பக்கம் தென்னை, பலா, பூ மூன்றும்தான் சோறு. தென்னையும் பலாவும் சாய்ந்துவிட்டன. மிச்சம் பூ. நான் போன வீட்டு அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். விடியக்காலை மூன்று மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு முல்லை பறிக்கப் போய்விட்டு, எட்டு மணிக்குக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வந்து, அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 30,000 ரூபாய் வாங்கியிருந்தார். அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காகத்தான் அன்றைய சர்வே.

கேள்வி 47: இந்தக் கடனை எதற்காகப் பயன்படுத்தினீர்கள்? தொழில், கல்வி, மருத்துவம், வீடு, மற்றவை. ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். இரண்டைத் தொட்டால் டேப் சிவப்புக் காட்டும்.

அக்கா சொன்ன பதில் இது. "பன்னெண்டாயிரம் பழைய லோனு ஒண்ணு பாக்கி இருந்துச்சு, அதைக் கட்டுனேன். புயல்ல ஓடு போச்சு, அதுக்கு ஒரு அஞ்சாயிரம். மிச்சத்துல கன்னுக்குட்டி ஒண்ணு புடிச்சேன். அதையும் நாலு மாசத்துல வித்து சின்னவளுக்கு ஃபீஸ் கட்டுனேன்."

நான் 'தொழில்' என்பதைத் தொட்டேன்.

ஏன் என்று என்னைக் கேட்டால், கன்றுக்குட்டி இருந்ததே என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், 'மற்றவை' என்று போட்டால் கீழே ஒரு பெட்டி திறக்கும், அதில் தட்டச்சு செய்ய வேண்டும், ராத்திரி மேற்பார்வையாளர் கூப்பிட்டு 'ஏன் இத்தனை மற்றவை' என்பார். அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. இப்படித்தான் ஒரு தொழில்முனைவோரை நான் உண்டாக்கினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னை மாதிரி எத்தனை பேர் எத்தனை ஊரில் எத்தனை தொழில்முனைவோரை உண்டாக்கியிருப்போம்!

அப்புறம் மொய் வந்தது. எங்கள் பக்கத்து மொய் விருந்து பற்றி உங்கள் நாளிதழே எழுதியிருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் கிடையாது, மொய் வாங்குவதற்கென்றே விருந்து. செலவைக் குறைக்க ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். லட்சக்கணக்கில் சேரும். அதை வைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். பிறகு, எழுதியவர்கள் ஒவ்வொருவரும் விருந்து வைக்கும்போது, வாங்கியதையும் அதன் மேல் கொஞ்சம் 'புது நடை'யும் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் ஒருவருக்கு முறை வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் மட்டும். செய்யாதவன் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அக்கா வீட்டில் அதற்கு முந்தைய வருட ஆடியில், புயலுக்கு நாலு மாதம் முன்னால், விருந்து வைத்திருந்தார்கள். மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. அதில்தான் தோட்டத்தில் தண்ணீர் வந்தது. கடன் நிறுவனம் கொடுத்த 30,000இல் வரவில்லை. இப்போது மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த ஆடிக்கு யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தென்னை போன வருடம். அழைப்பிதழ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

படிவத்தில் வருமானத்துக்குக் கட்டங்கள் உண்டு. கூலி, சம்பளம், விவசாயம், உதவித்தொகை, அன்பளிப்பு. கடனுக்கும் கட்டங்கள் உண்டு. வங்கி, மகளிர் குழு, நுண்கடன், நகைக்கடன், வட்டிக்காரர், உறவினர். மொய் எதில் வரும்? மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். அவருக்கு ஊர் வடக்கே. மொய் என்றால் கல்யாணத்தில் எழுதுவது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அன்பளிப்பு என்று போடு" என்றார். போட்டேன். ஆக, கழுத்தளவு திருப்பிச் செய்ய வேண்டிய கடமையில் நின்ற ஒரு குடும்பம், உறவினர்களிடமிருந்து மூன்று லட்சம் அன்பளிப்பு பெற்ற குடும்பமாக டேப்பில் ஏறியது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2019 பட்ஜெட்டில், சமூக நோக்கத்தோடு நடக்கும் அமைப்புகள் பணம் திரட்டச் சமூகப் பங்குச் சந்தை என்று அறிவித்தார்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அதற்கு விதிகள் போட்டது. அதில் ஒரு வகைப் பத்திரம் இருக்கிறது. வாங்கினால் வட்டியும் வராது, அசலும் வராது. நல்ல காரியத்துக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அதை முதலீட்டுப் பத்திரம் என்றே சொல்கிறார்கள். எங்கள் மொய் திரும்பி வரும், மேலே புது நடையும் வரும். அதற்கு ஒரு கட்டம் இல்லை!

அடுத்தது, எல்லோருக்கும் பிடித்த கேள்வி. தவணை எப்போதாவது தவறியதுண்டா? "இல்லை." எந்த வீட்டிலும் பதில் இதுதான். இதை வைத்துத்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று வசூல் விகிதம் போட்டு, ஏழைப் பெண்கள் நம்பகமானவர்கள் என்று முதலீட்டாளர்கள் கூட்டத்தில் கை தட்டுகிறார்கள். நம்பகமானவர்கள்தான். ஆனால் தவணைக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நான் கொண்டுபோன எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்பில் வாங்கியிருப்பார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் பகிர்ந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் தவணை வசூலிக்கும் கூட்டமான சென்டர் மீட்டிங்கை முடிக்க மாட்டார்கள். அதற்குப் பயந்து செவ்வாய்க்கிழமைத் தவணைக்குத் திங்கட்கிழமை வேறொரு கடன். கஜாவுக்குப் பிறகு கூரை இல்லாத வீட்டு வாசலிலும் வசூலுக்கு வந்து நின்றவர்கள் உண்டு. அந்த மாதங்களிலும் எங்கள் படிவத்தில் 'தவறவில்லை'தான்.

இது புதிய விஷயம் இல்லை. 2010இல் ஐதராபாத்தில் எஸ்.கே.எஸ். மைக்ரோ ஃபைனான்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே வருடம் அக்டோபரில், கடன் நெருக்கடியில் தற்கொலைகள் என்று செய்தி வந்த பிறகு, நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. அங்கே வசூல் அப்படியே படுத்துவிட்டது. மாதத்துக்கு மாதம் நூறு சதவீதம் என்று எழுதிய ஏட்டில் ஒரு சட்டம் வந்ததும் பூஜ்ஜியம் பக்கம் போகிறதென்றால், முன்னால் எழுதிய நூறு எதை அளந்தது?

அதே ஐதராபாத்தில்தான் நான் மதிக்கிற ஆய்வும் நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, அவர்களோடு இன்னும் இரண்டு பேர். 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 52இல் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனத்தைக் கிளை தொடங்க வைத்தார்கள். ஒன்றே கால், ஒன்றரை வருடம் கழித்து 6,800க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் போய்க் கேட்டார்கள். கடன் கிடைத்த பகுதியில் கொஞ்சம் பேர் புதுத் தொழில் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்கியிருந்தார்கள். டீ, வெற்றிலைபாக்கு, பண்டிகை மாதிரி ஆசைச் செலவைக் குறைத்திருந்தார்கள். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவு உயரவில்லை. உடல்நலம், பிள்ளைகள் படிப்பு, பெண்ணுக்கு வீட்டில் சொல்லுக்கு மதிப்பு எதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஏதாவது ஒரு நுண்கடன் வாங்கியவர்களே அந்தப் பகுதிகளில் கால்வாசி சொச்சம்தான். இதேபோல் எத்தியோப்பியா, மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, போஸ்னியாவில் நடந்த ஆய்வுகளும் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. கொஞ்சம் உதவியது, வாழ்க்கையைப் புரட்டிப் போடவில்லை.

இதை ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, போனில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். டீயையும் வெற்றிலைபாக்கையும் குறைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த சர்வேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். அதைச் சொல்ல வைக்க எவ்வளவு நேரம் அந்த வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நல்ல ஆய்வு ஒழுங்கான பதில் சொல்லியும், கீழே நடப்பது மாறவில்லை. 2022இல் ரிசர்வ் வங்கி புது விதி போட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பது நுண்கடன். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது. விதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வருமானத்தைக் கேட்பது யார்? கடன் கொடுக்க வந்த பையன், மாதத்துக்கு இத்தனை கடன் கொடுத்தாக வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பவன். அவனிடம் ஒரு வருமானம். மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தில் இரண்டரை லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு ஒரு வருமானம். நான் போனால் எனக்கு ஒரு வருமானம், அதுவும் நான் எந்த ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று அவர்கள் நினைப்பதைப் பொறுத்து. ஒரே அடுப்பு, மூன்று வருமானம். யாரும் பொய் சொல்லவில்லை. பூ விலை கிலோ ஐம்பதுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவர்கள்தான் என்ன சொல்வார்கள்? முகூர்த்த நாளுக்குக் கேட்கிறாயா, மழை நாளுக்குக் கேட்கிறாயா என்று ஒரு அப்பாயி என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறார்.

என் சொந்த அப்பாயி பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குப் பள்ளிக்கூட வயது. அப்பாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பக்கத்து ஊரில் இலவச முகாம் போட்டார்கள், போகவில்லை. இலவசம்தானே, ஏன் போகவில்லை என்று என் அப்பா சத்தம் போட்டார். போக வர பஸ் காசு, கூட ஒரு ஆள், அந்த ஆளின் ஒருநாள் கூலி, ஆட்டை யார் மேய்ப்பது? அவருக்கு அது இலவசமாக இல்லை. இந்த நியாயத்தை ஒரு ஆய்வு கண்டுபிடித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து நடத்தி 1999இல் வெளிவந்த ஆய்வு. கண்ணில் கோளாறு இருப்பவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று அதில் தெரிந்தது. மருத்துவர் வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. கட்ட முடிந்தவர் கட்டுவதை வைத்து முடியாதவருக்குச் சும்மா செய்வது என்ற ஏற்பாடு. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, சுமார் நூறு டாலருக்கு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பத்து டாலர் அளவுக்குத் தாங்களே செய்தார்கள். சமூகத் தொழில்முனைவு என்றால் உலகம் முழுக்க வகுப்பில் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம். எனக்கு அதில் பிடித்தது வேறு. உலகமே புகழ்கிற முகாமுக்கு நூற்றுக்கு ஏழு பேர்தான் வருகிறார்கள் என்ற எண்ணை ஒளிக்காமல் வெளியிட்டு, அப்புறம் சின்ன ஊர்களிலேயே நிரந்தரக் கண் பரிசோதனை மையம் வைக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே அறுவைச் சிகிச்சைக்கு பஸ் விட்டார்கள், சாப்பாடு போட்டார்கள். என் அப்பாயி இரண்டாம் தடவை போனது அப்படி ஒரு பஸ்ஸில்தான். திரும்பி வந்து முதலில் கேட்டது, "என்னடி இவ்வளவு கறுத்துப்போயிட்டே?"

கண் தெரிகிறதா இல்லையா என்பதை அளப்பது சுலபம், கடனை அப்படி அளக்க முடியாது என்பார்கள். சரிதான். அதனால்தான் கடன் பற்றிக் கேட்டவர்கள் இன்னும் ஒரு தடவை கூடுதலாக வர வேண்டும் என்கிறேன்.

ஒரே ஒருத்தி அப்படி வந்தாள். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி, தமிழ்ப் பெண்தான், தமிழ் கொஞ்சம் தடுக்கும். ஆடு வளர்க்கக் கடன் கொடுத்த திட்டம் பற்றிய ஆய்வு. ஒரு வருடம் கழித்து, கண்டதை நாலு பக்கத்தில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். நான்தான் வாசித்தேன். டீ, பன், ஒரு மைக் செட். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆனது. கணக்கு என்னிடம் இருக்கிறது.

'பெண்களிடம் சொந்தச் சொத்து இல்லை' என்று ஒரு வரி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "யாரும்மா சொன்னது?" நான் பக்கத்தைப் பார்த்தேன். "நீங்கதான் சொன்னீங்க. ஆடு யார் பேர்ல இருக்குன்னு கேட்டேன், யார் பேர்லயும் இல்லைன்னீங்க." மண்டபமே சிரித்தது. "ஆட்டுக்கு ஏதுடி பட்டா? வித்தா காசு என் முந்தானையில இருக்கும். அப்ப யாருது?" மாணவி அப்படியே உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். அன்றைக்கு ஒரே கூட்டத்தில் ஆறு இடம் திருத்தினார்கள். ஒரு இடத்தில் அவர்களே தங்கள் பதிலை மாற்றினார்கள். கடன் வாங்கியவர் எத்தனை பேர் என்பதைக் குறைத்துச் சொல்லியிருந்தார்களாம். புருஷன்மார் பக்கத்தில் இருந்ததால்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்த நிறுவனம் எங்கள் ஊரில் சர்வே எடுத்தாலும், அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன்னால், அதே ஊரில் தமிழில் வாசித்துக் காட்டட்டும். ஒப்புதல் வாசகத்தில் 'நேரடிப் பயன் இல்லை' என்ற வரிக்குக் கீழே, 'கண்டதை இன்ன மாதம் வந்து சொல்வோம்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். லட்சம் கோடி டாலரில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு இடம் இருக்காதா? 2025இல் நம் சட்டமன்றத்தில் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வசூலுக்கு வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேள்வி கேட்க வருகிறவர் திரும்பி வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்று எழுதும்போது எந்த ஊர், எந்த வருடம், எத்தனை பேரிடம் கேட்டது, பணம் யாருடையது என்று அடைப்புக்குள்ளாவது போடுங்கள். எங்கள் ஊர் என்றால் நாங்கள் கடிதம் எழுதித் திருத்துவோம்.

அந்தப் பூப் பறிக்கிற அக்காவை அப்புறமும் பார்த்தேன். அன்றைய சர்வேக்குப் பிறகு ஒருநாள் கேமராவோடு இரண்டு பேர் வந்து, தோட்டத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம். "போட்டோ எடுத்தாங்களே, எங்கயாச்சும் வந்துச்சா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். தேடித் தேடி, ஒருநாள் அந்த நிறுவனத்தின் ஆங்கில அறிக்கையில் கண்டுபிடித்தேன். பளபளவென்று முழுப் பக்கம். கூடையில் முல்லை, முகத்தில் வெயில், அழகான படம். கீழே இரண்டு வரி. கடன் கிடைத்ததால் பூத்தொழில் தொடங்கிச் சொந்தக் காலில் நிற்கிறார் என்று எழுதியிருந்தது. என் விரல் தொட்ட அந்தக் கட்டம்தான் இந்த வரியாகியிருக்கிறது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "நான் பன்னெண்டு வயசுலேருந்து பூ எடுக்குறேன். இவங்க எப்ப தொடங்கிவிட்டாங்க?" என்றார். கோபமில்லை. அப்புறம், "படம் நல்லாத்தான் இருக்கு. இதை மட்டும் தனியா எடுத்துத் தர முடியுமா?" என்றார்.

ஆலங்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கீழே இருந்த இரண்டு வரியை வெட்டிவிட்டு, பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து கொடுத்தேன். அறுபது ரூபாய். வாங்க மாட்டேன் என்று சொல்லியும் காசைக் கையில் திணித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு சர்வேக்காரி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம். அடுத்த மாதமும் எனக்கு இந்த வேலை வேண்டும்.)